சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வாடகைக் கண்காட்சி: அமெரிக்கக் கறுப்பர் சபைகள் மீதான குண்டுவெடிப்புகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளிகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் வாடகைக்கு வரும் இந்தத் தொகுப்பில் 20 சுருள் பலகைகள், 38 நிமிடத் தமிழ் ஒலிவிளக்கம், ஓர் ஆசிரியர் கையேடு என மூன்று உருப்படிகள் உண்டு. 1956 முதல் 1964 வரை அலபாமா, ஜார்ஜியா, மிசிசிப்பி மாநிலங்களில் கறுப்பர்களின் சபைகளை (கிறிஸ்தவ ஆலயங்களை) வெள்ளை இனவெறியர்கள் வெடிவைத்தும் எரித்தும் அழித்த வரலாறு இது. தாராளமாக எடுக்கலாம். ஆனால் மூன்று பலகைகளைத் திருத்தாமல் பிள்ளைகள் முன் நிறுத்தக் கூடாது.

தொகுப்பின் பலம் முதல் ஐந்து பலகைகள். சபையை ஏன் குறிவைத்தார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகத் தமிழில் சொன்ன வேறொன்று எங்கள் பள்ளிகளில் புழக்கத்தில் இல்லை. 1956 ஜூனில் அலபாமா நீதிமன்றம் கறுப்பர் உரிமைக்குப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பை அந்த மாநிலத்தில் செயல்படவிடாமல் தடுத்தது. அரசுப் பள்ளியில் வேலை பார்த்த கறுப்பு ஆசிரியர் வாய் திறந்தால் வேலை போகும். போதகருக்குச் சம்பளம் கொடுப்பதோ சபை மக்கள். கட்டடமும் அவர்கள் காசில் எழுந்தது. வெள்ளை முதலாளி கை வைக்க முடியாத கூரை அது ஒன்றுதான். பேருந்துப் புறக்கணிப்புக் கூட்டமும் அங்கேதான், வாக்காளர் பதிவு வகுப்பும் அங்கேதான். 1960-இலும் 1977-இலும் நிறவெறி எதிர்ப்பு இயக்கங்கள் தடை செய்யப்பட்டபோது தென்னாப்பிரிக்காவில் மக்கள் எங்கே போய்க் கூடினார்கள் என்று பெரியவர்களிடம் கேட்ட பிள்ளைக்கு இந்தப் பலகைகள் உடனே பிடிபடும்.

நான்காம் பலகையை வகுப்பில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரின் பெத்தேல் பாப்டிஸ்ட் சபை, போதகர் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த். பேருந்தில் கறுப்பரைத் தனியே உட்காரவைக்கும் பிரிவினையை மீறப்போவதாக அவர் அறிவித்திருந்த நாளுக்கு முந்தைய இரவு, 1956 கிறிஸ்துமஸ் அன்று, அவர் வீடு டைனமைட்டால் தகர்ந்தது. கட்டிலில் இருந்தவர் உயிரோடு எழுந்து வந்தார். 1958 ஜூன் 29 அன்று வைத்த குண்டைச் சபையின் காவலர் ஒருவர் கையால் தூக்கி வீதியில் போட்டதால் கட்டடம் தப்பியது. 1962 டிசம்பரில் மூன்றாம் முறை. 1958 குண்டுக்கு ஜே.பி. ஸ்டோனர் என்பவருக்குத் தண்டனை தீர்ப்பானது 1980-இல். இந்த 22 ஆண்டு இடைவெளியைப் பலகை பெரிய எழுத்தில் போட்டிருப்பது சரியான முடிவு.

இனி பிழைகள். எட்டாம் பலகை 1963 செப்டம்பர் 15 பற்றியது. ஞாயிறு காலை 10:22, பர்மிங்ஹாம் 16-ஆம் தெரு பாப்டிஸ்ட் சபை. அங்கே குண்டு வெடித்து இறந்த நான்கு சிறுமிகளுக்கும் வயது 14 என்று அச்சாகியிருக்கிறது. ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி மூவருக்கும்தான் 14; டெனிஸ் மக்நேருக்கு 11. ஒரு கண்ணை இழந்து பிழைத்த ஆடி மேயின் தங்கை சேரா பற்றி ஒரு வரி கூட இல்லை. அதே நாளில் அதே நகரில் சுடப்பட்டு இறந்த இரு பையன்களும் இல்லை: போலீஸ்காரர் சுட்ட ஜானி ராபின்சன், 16, வெள்ளை இளைஞன் சுட்ட வர்ஜில் வேர், 13. இவர்களை விட்டால் அந்த ஞாயிறு ஒரே ஒரு குண்டின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. நகரம் முழுக்கப் பரவிய வெறி மறைந்துபோகிறது. ஏ4 தாளில் விடுபட்ட இந்த மூன்று பெயர்களையும் நான்கு சிறுமிகளின் சரியான வயதுகளையும் அச்சடித்துப் பலகையின் கீழ் விளிம்பில் ஒட்டுங்கள்.

ஒன்பதாம் பலகை, 'குற்றவாளிகள் 1977-இல் தண்டிக்கப்பட்டார்கள்' என்று முடிகிறது. இது பெரிய பிழை. 1977-இல் தண்டனை பெற்றவர் ராபர்ட் சாம்ப்ளிஸ் ஒருவரே. தாமஸ் பிளான்டனுக்கு 2001, பாபி ஃப்ராங்க் செர்ரிக்கு 2002. நான்காவது ஆளாகச் சந்தேகிக்கப்பட்ட ஹெர்மன் கேஷ் எந்த வழக்கையும் காணாமல் 1994-இல் இறந்தார். எஃப்.பி.ஐ. கையில் இந்த நான்கு பெயர்களும் 1965-லேயே இருந்தன. வழக்குப் போடாமல் 1968-இல் கோப்பை மூடினார்கள். இதைச் சொல்லாத பலகை நீதி தானாக வந்துவிட்டது போலக் காட்டுகிறது.

மூன்றாவது கோளாறு மொழிபெயர்ப்பில். அன்றைய அறிவிப்புப் பலகைகளில் இருந்த 'கலர்ட்' என்ற சொல்லை விளக்கமில்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அன்று அது கறுப்பர் எல்லோரையும் குறித்த சொல். இங்கே 1950 மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் அதைக் கலப்பினத்தவரைக் குறிக்கும் தனி இனப்பிரிவாகவே எழுதி வைத்தது. டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வளரும் பிள்ளை அதைப் படித்ததும் வேறு ஆட்களைத்தான் நினைக்கும். நடத்துபவர் முதல் பலகையிலேயே இதை வாயால் சொல்லிவிட வேண்டும்.

மிசிசிப்பிப் பகுதியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நெஷோபா மாவட்டத்து மவுண்ட் சயன் மெதடிஸ்ட் சபை, சுதந்திரப் பள்ளிக்கு (கறுப்பர்களுக்கு உரிமைகளைக் கற்பித்த கோடைப் பள்ளி) இடம் தர ஒத்துக்கொண்டது; 1964 ஜூன் 16 இரவு சபையாரை அடித்துவிட்டுக் கட்டடத்தை எரித்தார்கள். அதை விசாரிக்கப் போன உரிமைப் போராளிகள் சேனி, குட்மன், ஷ்வெர்னர் மூவரும் ஜூன் 21 அன்று கொல்லப்பட்டார்கள். உடல்கள் ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள் கிடைத்தன. மூவரின் கதை எல்லோருக்கும் தெரியும். எரிந்த சபையில் தொடங்கி அவர்களிடம் வருகிற வரிசைதான் இங்கே புதிது. ஜார்ஜியாவுக்கு ஒரு பலகைதான், அது போதும்.

பதினேழாம் பலகை மிக அழகு. தகர்ந்த 16-ஆம் தெரு சபைக்கு வேல்ஸ் நாட்டு மக்கள் தந்த கண்ணாடிச் சன்னல் அது. ஒருவர் அரை கிரவுனுக்கு (அன்றைய பிரிட்டிஷ் சில்லறை நாணயம்) மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்துத்தான் பணம் திரட்டினார்கள். யாரோ ஒரு பணக்காரர் முழுத் தொகையையும் கட்டிவிடக் கூடாது என்பதே காரணம். ஜான் பெட்ஸ் வடித்த கறுப்புக் கிறிஸ்து 1965 முதல் அங்கே நிற்கிறார். இந்தப் பலகைக்கு மட்டும் பின்னால் இருந்து வெளிச்சம் கொடுங்கள். துணி மெல்லியது, நிறங்கள் எழுந்து வரும்.

கடைசிப் பலகை 1988 ஆகஸ்ட் 31 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் தகர்க்கப்பட்ட கோட்ஸோ ஹவுஸ், தென்னாப்பிரிக்கச் சபைகள் மன்றத்தின் தலைமையகம். அதைச் செய்தது அரசின் போலீஸ். அமைச்சராக இருந்த ஏட்ரியன் ஃப்ளோக் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் ஒப்புக்கொண்டு பொதுமன்னிப்பு பெற்றார். அமெரிக்காவில் நடுவர் குழுவின் தீர்ப்பு, இங்கே ஒப்புதலுக்கு ஈடாக மன்னிப்பு. பெரிய பிள்ளைகள் இங்கேதான் வாதாடத் தொடங்குவார்கள். அதற்கு இருபது நிமிடமாவது ஒதுக்குங்கள்.

மண்டப ஏற்பாடு: ஒரு பலகை 85 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரம். ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளி விட்டால் 36 மீட்டர் சுவர் வேண்டும். கோயில் மண்டபங்களில் அவ்வளவு கிடைக்காது. முதுகோடு முதுகாக இரண்டிரண்டாக நிறுத்தினால் 18 மீட்டரில் அடங்கும், ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம் என்று வைத்துவிடாதீர்கள், வரிசை குலையும். வழவழத் தரையில் கடற்காற்று கதவு வழியே வந்தால் சுருள் பலகைகள் கவிழ்ந்து கம்பி வளையும்; ஒவ்வொரு காலிலும் 2 லிட்டர் தண்ணீர் போத்தல் ஒன்றை மணல் நிரப்பி வையுங்கள். எட்டாம் பலகையின் படங்கள் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம்; அதைத் தனி மூலையில் திருப்பி வைக்கலாம். ஒலிவிளக்கக் கருவி மின்கலத்தில் நான்கு மணி நேரம் ஓடும், லோட் ஷெடிங் (மின்வெட்டு) நாளிலும் கவலையில்லை. குரல் தெளிவு, வேகம்தான் சற்று அதிகம். தமிழ் இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பலகைக்குப் பிறகும் நிறுத்துங்கள்.

செப்டம்பர் 15-க்கும் 24-ஆம் தேதி பாரம்பரிய நாளுக்கும் சேர்த்துக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் ஜூலையிலேயே பதிவு செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது நீங்கள் ஒட்டிய திருத்தத் தாளைக் கழற்றாதீர்கள். அடுத்துப் பார்க்கும் பள்ளிக்கும் அது தேவை.