லாகின் செய்ததும் வரும் சிவப்புத் திரை: லேப்டாப்பைக் கடையில் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தே, எஸ்பிஎம் என்ற மலேசிய இடைநிலைப் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குத் தமிழ் டியூஷன் எடுக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு. லேப்டாப் படுத்துவிட்டால் அன்றைக்கு எனக்கு வருமானம் இல்லை, பிள்ளைகளுக்குப் பாடமும் இல்லை. அந்த அவசரத்தைத் தெரிந்துகொண்டே ஒரு கடைக்காரர் என்னிடம் 300 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிவிட்டார். இன்னும் 350 கேட்டார். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. லேப்டாப் மெதுவாக இருக்கிறது என்று கொடுத்தேன். பாஸ்வர்டை ஒரு தாளில் எழுதி மூடியின் மேல் ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் 120 வெள்ளி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். “நம்ம கடை புரொடெக்‌ஷன் போட்டிருக்கோம் அக்கா, ஏதாவது வந்தா அதுவே சொல்லும்” என்றார் கடையில் இருந்த பையன். நல்ல கவனிப்பு என்று நம்பினேன்.

மார்ச் 22 காலை, வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது லாகின் செய்தேன். கண் இமைக்கும் நேரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி தோன்றி மறைந்தது. அப்புறம் திரை முழுவதும் சிவப்பு. ‘38 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது, உடனே அழைக்கவும்’ என்று மலாயில் எழுதி, கீழே கடையின் நம்பர். பயந்துபோய் 24-ஆம் தேதி ஓடினேன். 180 வெள்ளி. மாலை ஐந்து மணிக்குக் கையில் கொடுத்தார்கள். ஏப்ரல் 7-ஆம் தேதி மறுபடியும் அதே சிவப்பு, அதே 38. இந்த முறை போனில், “வருஷ பேக்கேஜ் எடுத்துருங்க அக்கா, 350 வெள்ளிதான், இனி வராது” என்றார்கள்.

சைபர்ஜெயாவில் படிக்கும் என் மாமா மகன் அன்று வீட்டுக்கு வந்திராவிட்டால் கட்டியிருப்பேன். அவன் முதலில் வைஃபையை அணைத்துவிட்டு லாகின் செய்யச் சொன்னான். அப்போதும் 38. அடுத்து, அந்தக் கறுப்புப் பெட்டியைக் கைப்பேசியில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தான். நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஒரு வரி தெரிந்தது: ‘சர்வீஸ்’ என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் ‘அமாரான்’ என்ற ஃபைலைத் திறக்கச் சொல்லும் கட்டளை. அமாரான் என்றால் மலாயில் எச்சரிக்கை. அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தோம். வைரஸ் தேடும் வேலை எதுவும் அதற்குள் இல்லை. சிவப்பு நிறம், கடை நம்பர், 38 என்ற எண், எல்லாமே கையால் தட்டி வைத்தவை. என் வயிறு எரிந்தது.

அதை ஓட வைத்தது எது? தானாகத் தொடங்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் ஒன்றும் இல்லை. அங்கே ஸ்டார்ட்அப் ஃபோல்டரிலும், ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸ் அமைப்புப் பதிவேட்டின் ‘ரன்’ பகுதியிலும் இருப்பவைதான் தெரியும். “ஷெடியூலர்ல பாப்போம்க்கா” என்றான். டாஸ்க் ஷெடியூலர் என்பது விண்டோஸோடு வரும் நல்ல கருவி. லாகின் செய்ததும் ஒரு புரோகிராம் தானாக ஓட வேண்டும் என்றால் அதில் ஒரு டாஸ்க் எழுதி வைக்கலாம். அலுவலகங்களில் பேக்கப் எடுக்கவும் அதைத்தான் பயன்படுத்துவார்கள். அதற்குள் ‘சிஸ்டம் அப்டேட்’ என்ற பெயரில் ஒரு டாஸ்க் இருந்தது. ட்ரிகர், அதாவது எப்போது ஓட வேண்டும் என்பது: நான் லாகின் செய்யும்போது. உருவாக்கிய நேரம்: மார்ச் 24, மாலை 4.17. லேப்டாப் அப்போது கடையில் இருந்தது. ட்ரிகரைத் திறந்தால் ‘ஆக்டிவேட்’ என்ற கட்டத்தில் ஏப்ரல் 7. அதாவது, வேலை முடித்துக் கொடுத்த நாளிலிருந்து சரியாக 14 நாள் தூங்கிவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் தடவையும் மார்ச் 8-இலிருந்து 22, அதே 14 நாள். ரசீதுகளை மேசையில் வைத்து எண்ணிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கடையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து வருபவர்கள் அன்றே ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெடியூலர் என்று தேடித் திறங்கள். இடது பக்கம் லைப்ரரியைத் தட்டினால் பட்டியல் வரும். அதில் ‘கிரியேட்டட்’ என்ற தேதியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கடையில் இருந்த நாளில் உருவானது எது, எந்த ஃபைலை ஓட்டுகிறது என்று கடையில் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி, ஷெடியூலர், ரெஜிஸ்ட்ரி, ஸ்டார்ட்அப் ஃபோல்டர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும். அதில் மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்துவிட்டால் பட்டியல் சின்னதாகிவிடும், பார்ப்பது சுலபம். பாஸ்வர்டைத் தாளில் எழுதிக் கொடுக்காதீர்கள். கேட்டே தீர வேண்டிய வேலை என்றால் அதற்கு முன் மாற்றிக் கொடுத்து, வந்ததும் மறுபடி மாற்றிவிடுங்கள்.

சந்தேகமான டாஸ்க் இருந்தால் கோபத்தில் உடனே அழித்துவிடாதீர்கள். நான் அழிக்கப் போனேன், மாமா மகன்தான் கையைப் பிடித்தான். அதன் மேல் வலது கிளிக் செய்து ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்தால் தேதி, கட்டளை எல்லாம் ஒரு ஃபைலாக வந்துவிடும். திரையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அழிக்கலாம்.

கடையில் போய்க் கேட்டதற்கு, “அது கஸ்டமருக்கு நாங்க கொடுக்குற ரிமைண்டர்” என்றார்கள். பணம் திரும்பத் தரவில்லை. நான் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிந்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். இரண்டு ரசீது, எக்ஸ்போர்ட் செய்த ஃபைல், ஸ்லோமோஷன் வீடியோ எல்லாம் கொடுத்தாயிற்று. விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.