எல்எஃப்பி பேக்கில் என்எம்சி போர்டு: ஒரு களக்காட்டுத் தோட்டத்து அனுபவம்

களக்காடு பக்கம் எங்க வாழைத்தோட்டத்தில் பன்றிக்குப் போட்ட சோலார் வேலியும் ரெண்டு எல்இடி லைட்டும் 12.8 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி பேக்கில் ஓடுது. சில வருசமா உழைக்கிற அந்தச் செல்கள் மேல எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் கூடவே வந்த, செல்கள் அளவுக்கு மேல ஏறாம, கீழ இறங்காம காக்கிற பிஎம்எஸ் போர்டு மேலதான்.

போர்டில் "4எஸ்" என்று மட்டும் அச்சு, நாலு செல் தொடரா இணைச்ச பேக்குக்குன்னு அர்த்தம். பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. ராத்திரி சீக்கிரமே லைட் அணைய ஆரம்பித்ததும், ஒரு மத்தியானம் சார்ஜர் 14.6 வோல்ட்டைத் தொட்ட நேரத்தில் ஒவ்வொரு செல்லாக மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூணு செல் 3.5, நாலாவது மட்டும் 4.1! எல்எஃப்பி செல்லுக்கு உச்சம் 3.65. ஆனால் மாட்டியிருந்தது என்எம்சி (நிக்கல்-மாங்கனீசு-கோபால்ட்) லித்தியம் செல்லுக்கான போர்டு, 4.25 வந்தால்தான் சார்ஜை நிறுத்தும். கூட்டுத்தொகை 14.6 சரியா இருக்கிறதால சார்ஜருக்கும் சந்தேகம் வராது.

அதைவிட மோசம் பேலன்ஸ் விசயம், அதாவது கூடுதலா ஏறின செல்லை இறக்கி எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர்ற வேலை. அந்தப் போர்டின் பேலன்ஸ் ரெசிஸ்டர் 4.2 வோல்ட் பக்கம்தான் வேலையைத் தொடங்கும். எல்எஃப்பி செல் அந்த எல்லைக்குப் போகவே கூடாது. அதனால செல்களுக்குள் இருந்த சின்ன வித்தியாசம் மாசாமாசம் வளர்ந்துகிட்டே போயிருக்கு.

"நாலு செல்லுக்கு நாலு செல் போர்டு, எதைப் போட்டா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டான் ஜங்ஷன் கடைத் தம்பி.

"அப்ப மருந்தடிக்கிற மெஷினோட என்எம்சி பேக்குல எல்எஃப்பி போர்டை மாட்டிப் பாருடே. பாதிச் சார்ஜுலயே நின்னுரும்."

அப்படி மாறிப்போனால் ஆபத்து குறைவு. சார்ஜ் ஏறலைன்னு மறுநாளே தெரிஞ்சிரும். என் பேக்கில் நடந்ததுதான் சத்தமில்லாமல் செல்லைத் தின்னும்.

மலிவான போர்டுகளில் இந்த எல்லைகள் சிப்பிலேயே பதிந்திருக்கும். ஒற்றைச் செல் போர்டுகளில் வரும் டிடபிள்யூ01ஏ சிப்பை எடுத்துக்கொண்டால் மேலே 4.3, கீழே 2.4, மாற்ற வழியில்லை. சார்ஜர் சிப்பிலும் இதே கதை: டிபி4056 என்றால் 4.2 மட்டும், டிபி5000 என்றால் 4.2, 3.6 ரெண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பிக்யூ76920 மாதிரி சிப்பில் எல்லைகளை நாமே எழுதலாம். இப்போ மாட்டியிருப்பது ஆப்பில் எண்ணை மாற்றும் போர்டு. மேல் கட் 3.65, கீழ் கட் 2.8, பேலன்ஸ் 3.4இல் தொடக்கம் என்று வைத்தேன்.

மாட்டின உடனே சரியாகிவிடவில்லை. பேலன்ஸ் கரண்ட் 50 மில்லியாம்பியர்தான். 2 ஆம்பியர்-அவர் வித்தியாசத்தை இறக்க 40 மணி நேரம் வேணும். வெயிலில் செல் 3.4ஐத் தாண்டி நிற்பதோ நாளுக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம். வாரக்கணக்கில் பொறுத்துத்தான் நாலு செல்லும் ஒரே அளவுக்கு வந்தது.

வெப்ப சென்சாரைச் செல்லோடு ஒட்டி டேப் சுத்திருங்க. போர்டோரமா தொங்கவிட்டால், சித்திரை வெயிலில் தகரக்கூரை மோட்டார் ரூமுக்குள் செல் எவ்வளவு சுடுதுன்னு அதுக்குத் தெரியாது.

மிச்சமிருக்கிற தொல்லை ஆப் காட்டுற சதவீதம். எல்எஃப்பியில் பெரும்பகுதி வரை வோல்ட் 3.2, 3.3 என்று ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால வோல்ட்டை வைத்து மிச்சச் சார்ஜைக் கணிக்க முடியாம, உள்ளே போற, வெளியே வர்ற ஆம்பியரை எண்ணித்தான் போர்டு சொல்லுது. முழுசா ஏறினால்தான் அந்தக் கணக்கு திருந்தும். ஐப்பசி அடைமழையில் சோலார் நிரப்பாது. 60 காட்டிக்கிட்டே லைட் அணையும். அந்த மாசம் மட்டும் பேக்கை வீட்டுக்குத் தூக்கிவந்து கரண்ட் சார்ஜரில் 14.6 வரை ஏத்திக்கிறேன்.