தேயும் தீவின் வரலாறு: பழைய வரைபடமா, வான்படமா, செயற்கைக்கோளா?

அமெரிக்காவின் லூசியானா கடலோரத்தில் உள்ள டிம்பாலியே, ஐல் டெர்னியேர் தடுப்புத் தீவுகள் (கடலலைக்கும் கரைக்கும் நடுவே நீளும் மணல் தீவுகள்) ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேய்ந்துகொண்டு வருகின்றன. இதில் எண்ணெய் எடுத்ததன் பங்கு என்ன? அதைப் பார்க்க 1850களின் கடலோர அளவைத் தாள்கள், 1930களிலிருந்து விமானத்தில் எடுத்த வான்படங்கள், 1972இல் தொடங்கிய லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் என்று மூன்று இருக்கின்றன. என் ஓட்டு வான்படத்துக்குத்தான்.

அதற்காக அளவைத் தாள்களை லேசாக நினைக்க முடியாது. முக்காலிமேல் பலகையை வைத்து, கரையிலேயே நின்று வரைந்தவை அவை. 1:20,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 20 மீட்டர்; கோட்டின் தடிமனே சில மீட்டரை விழுங்கிவிடும். ஆனால் எண்ணெய்க்கு முந்தைய தீவைக் காட்ட வேறு சாட்சி இல்லை. 1856 ஆகஸ்ட் புயல் ஐல் டெர்னியேரின் உல்லாச விடுதியையே வாரிக்கொண்டு போனது. மிசிசிப்பி தடம் மாறியதால் புது மணல் வரத்து குறைந்தது, நிலமும் அமிழ்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு முழுப் பழியையும் எண்ணெய்மேல் போடுவது நியாயமில்லை.

சரி, எண்ணெயின் பங்கு எங்கே தெரிகிறது? வான்படத்தில், மணற்கரைக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில். இயற்கை ஓடை வளைந்து நெளிந்து போகும். எண்ணெய் எடுக்க வெட்டிய கால்வாயோ நூல் பிடித்தாற்போல் நேராகப் போய், கிணறு தோண்டும் துரப்பண மிதவை நிற்பதற்கான அகன்ற குட்டையில் முடியும். தோண்டிப் போட்ட சேறு பக்கத்தில் மேடாகத் தெரியும். புயலலை தூக்கி எறியும் மணல் சதுப்பின்மேல் படிந்தால் தீவு பின்வாங்கியாவது பிழைக்கும். அங்கே கால்வாய் இருந்தால் மணல் அதற்குள் விழுந்து வீணாகும். அடுத்தடுத்த பத்தாண்டுப் படங்களை வரிசையாக வைத்தால் இந்தக் கால்வாய்கள் அகலமாவதையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

லேண்ட்சாட்டின் பலம், திரும்பத் திரும்ப எடுத்த படங்கள். 2008 முதல் இலவசம் வேறு. ஆனால் தொடக்ககாலப் படங்களில் ஒரு புள்ளி தரையில் ஏறக்குறைய 80 மீட்டர், பிறகு 30 மீட்டர். சுமார் 20 மீட்டர் அகலக் கால்வாய் அதில் மங்கிப் போகும். லேண்ட்சாட் வருவதற்குள் பல கால்வாய்களை வெட்டியும் முடித்திருந்தார்கள்.

அளவைத் தாளையும் வான்படத்தையும் ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தாளில் இருப்பது உயர் ஓதக் கோடு (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை), படத்தில் பெரும்பாலும் ஈரமணலின் விளிம்பு. தட்டையான இந்தக் கரையில் ஓதம் கொஞ்சம் ஏறினாலே கோடு பல மீட்டர் நகர்ந்துவிடும். படம் எடுத்த நாளின் ஓத அளவைப் பார்க்காமல் அரிப்புக் கணக்கைத் தொடங்காதீர்கள்.