நிக்கான் இசட் 5: பல வருஷம் கையில் இருந்த பிறகு

இசட் 5 பற்றி நாம் படித்த விமர்சனங்களில் பெரும்பாலானவை கேமரா வெளிவந்த முதல் சில வாரங்களில் எழுதப்பட்டவை. 2020 ஜூலையில் அறிவித்தார்கள். இசட் 6-ஐவிட விலை குறைவு, வினாடிக்கு 4.5 படம்தான், 4கே வீடியோ எடுத்தால் 1.7 மடங்கு கிராப் (ஓரங்கள் வெட்டுப்பட்டு நடுப்பகுதி மட்டும் பதிவாகும்) என்று அப்போதே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். எழுதியது எல்லாம் உண்மைதான். ஆனால் நாட்டிய மேடையிலும் கல்யாண மண்டபத்திலும் வருஷக்கணக்காக இதை வைத்து வேலை பார்த்ததில் தெரிந்துகொண்ட விஷயங்கள் வேறு. 2025 ஏப்ரலில் இசட் 5 II வந்ததிலிருந்து, பழையதை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

இதற்கு முன் என்னிடம் இருந்தது டி750, நிக்கானின் டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே ஆடும் பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த கேமரா; இசட் 5 அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ். இரண்டும் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்). படத்தின் தரத்தில் தலைகீழ் மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மாறுவது நாம் படம் எடுக்கும் விதம். பரதநாட்டிய மேடையில் பின்னால் கறுப்புத் திரை இருக்கும், ஆடுபவரின் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழும். டிஎஸ்எல்ஆர் மீட்டர் அந்தக் கறுப்பைப் பார்த்து ஏமாந்து எக்ஸ்போஷரைக் கூட்டிவிடும், முகம் வெளுத்துப்போகும். எடுத்துப் பார்த்து, குறைத்து, மறுபடி எடுப்பதற்குள் அந்த அபிநயம் போய்விடும். இசட் 5-இன் வியூஃபைண்டரில், 36.9 லட்சம் புள்ளிகளில், எடுக்கப்போகும் படமே முன்கூட்டித் தெரிகிறது. நெற்றிச்சுட்டியின் கற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால், அவை தனித்தனியாகப் பிரிகிறவரை எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) குறைத்துவிட்டு அழுத்துவேன். இந்த ஒரு வசதிக்காகவே திரும்ப டிஎஸ்எல்ஆர் பக்கம் போக எனக்கு மனசு வரவில்லை.

சத்தமில்லாத ஷட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிரர்லெஸ் வாங்கும் பலரும் இதை நம்பித்தான் வாங்குகிறார்கள். பாடகர் ஆலாபனையில் இருக்கும்போது முன்வரிசையிலிருந்து க்ளிக் சத்தம் கேட்பது எவ்வளவு அநாகரிகம் என்று சபாவுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். அங்கே இது பெரிய வரம். ஆனால் எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் முழுவதையும் ஒரே நேரத்தில் படிப்பதில்லை, வரிவரியாகப் படிக்கிறது. இசட் 5-இன் சென்சார் அந்த வேலையை மெதுவாகத்தான் செய்கிறது. இப்போது மேடை விளக்குகள் எல்லாம் எல்இடி. நம் கண்ணுக்குத் தெரியாமல் அவை விட்டுவிட்டு எரிகின்றன. ஒவ்வொரு வரிக்கும் ஒவ்வொரு அளவு வெளிச்சம் கிடைப்பதால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100-இல் வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல விளக்குகளுக்குப் பட்டை குறையும். டிம்மர் போட்ட மேடை விளக்குகளுக்கு அதுவும் உதவாமல் போகலாம். ஜதி வேகமெடுக்கும்போது கைவிரல்களும் வளைந்து விழும். என் வழக்கம் இதுதான்: வாய்ப்பாட்டுக் கச்சேரிக்கு சைலன்ட், நாட்டியத்துக்கு மெக்கானிக்கல் ஷட்டர். மிருதங்கம் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது மெக்கானிக்கல் சத்தம் யார் காதிலும் விழாது.

ஆட்டோஃபோகஸ்தான் இதன் பலவீனம். அசையாமல் இருப்பவர்களுக்கும் மெல்ல நடப்பவர்களுக்கும் கண்ணைப் பிடிப்பது பிரமாதமாக வேலை செய்கிறது. மணமேடையில் தாலி கட்டும் நேரத்தில் என்னைக் கைவிட்டதில்லை. ஓடுகிற குழந்தை, பறக்கிற பறவை என்றால் கதையே வேறு. ஆட்டோ ஏரியாவில் ஒன்றைப் பின்தொடர ஓகே பொத்தானை அழுத்தி, பெட்டியை அதன் மேல் வைத்து, பிறகு ஆரம்பிக்க வேண்டும். டி750-இல் விரல் நுனியில் இருந்த 3டி டிராக்கிங் (நகரும் பொருளைத் தானே பின்தொடரும் வசதி) இதில் இல்லை. வேடந்தாங்கலில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரைக்குக் குறையில்லை. அது கிளம்பிவிட்டால் பத்துக்கு இரண்டு தேறினால் பெரிது. இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் எல்லை இசட் 5-க்கு -2 ஈவி, இசட் 5 II-க்கு -10 ஈவி (ஈவி என்பது வெளிச்சத்தின் அளவு; எண் கீழே போகப் போக இருட்டு அதிகம்). குத்துவிளக்கு வெளிச்சத்தில் மட்டும் படம் எடுக்கிறவருக்கு அந்த எண்களின் அர்த்தம் உடனே புரியும். புதியதில் எக்ஸ்பீட் 7 ப்ராசஸர், 3டி டிராக்கிங், ஒன்பது வகைப் பொருளை அடையாளம் காணும் திறன் எல்லாம் இருக்கின்றன. பறவை, விளையாட்டு எடுக்கிறவர்கள் யோசிக்காமல் அதற்கே போகலாம். நிக்கானின் உயர்நிலை கேமரா இசட் 9-க்கு 2022-இல் வந்த 2.0 ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) 8கே ரா வீடியோவையே கொண்டுவந்தது; அந்த மாதிரி ஒரு அப்டேட் எக்ஸ்பீட் 6-இல் ஓடும் இசட் 5-க்கு வரவில்லை, இனி வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

அப்படியானால் நான் ஏன் இன்னும் இதை வைத்திருக்கிறேன்? லென்ஸுக்காக. மவுன்ட் என்பது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய். 1959-இல் வந்த, டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் எஃப் மவுன்ட்டில் அந்த வாய்க்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம், நடுவில் பிரதிபலிப்புக் கண்ணாடி ஆட இடம் வேண்டும். இசட் மவுன்ட்டில் அது வெறும் 16 மி.மீ., வாயின் விட்டம் 55 மி.மீ. லென்ஸின் பின்பக்கக் கண்ணாடியைப் பெரிதாகச் செய்து சென்சாருக்குப் பக்கத்தில் வைக்கலாம், படத்தின் மூலைவரை ஒளியை ஒழுங்காகக் கொண்டுபோகலாம். காகிதத்தில் படிக்கும்போது இது விளம்பரம் போலத்தான் இருக்கும். இசட் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ் (எஃப் எண் சிறியதானால் லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சம் கூடும்) லென்ஸைப் போட்டு ஒரு குடும்பப் படம் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் நிற்கும் அத்தையின் பட்டுப்புடவைச் சரிகை இழை இழையாகத் தெரியும். என் பழைய 50 மி.மீ. 1.8 டி லென்ஸை முழுக்கத் திறந்தால் மூக்குத்திக் கல்லைச் சுற்றி ஊதா விளிம்பு கட்டும். இதில் அது கிட்டத்தட்ட இல்லை. எடைதான் 155 கிராமிலிருந்து 415 கிராமுக்குப் போய்விட்டது.

நம் ஊரில் நிறையப் பேரிடம் அந்த 50 டி இருப்பதால் ஒரு எச்சரிக்கை. எஃப் மவுன்ட் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் அது மாட்டும், ஆனால் ஆட்டோஃபோகஸ் ஆகாது. டி வகை லென்ஸை பாடியில் இருக்கும் மோட்டார்தான் திருகும். அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. தனக்குள்ளேயே மோட்டார் வைத்திருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் நன்றாக ஓடுகின்றன. இன்னொன்று: 2023-இல் சிக்மாவின் 16, 30, 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்கள் இசட் மவுன்ட்டுக்கு வந்தபோது எல்லாரும் கொண்டாடினார்கள். அவை ஏபிஎஸ்-சி, அதாவது ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சாருக்கான லென்ஸ்கள். இசட் 5-இல் போட்டால் 24 மெகாபிக்சல் ஏறக்குறைய 10 ஆகிவிடும். விலையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஃபுல் ஃப்ரேமில் எடை குறைவாக ஒன்று வேண்டுமென்றால் 40 மி.மீ. எஃப் 2 இருக்கிறது. 170 கிராம். மவுன்ட் பிளாஸ்டிக்தான், ஆனாலும் தெருவில் நடக்கும்போது என் கேமராவில் எப்போதும் இருப்பது அதுதான். கூடவே கிடைக்கும் 24-50 கிட் லென்ஸ் பயணத்துக்குச் சரி. மண்டபத்துக்குள் 50 முனையில் எஃப் 6.3 என்பது போதவே போதாது.

பேட்டரியில் டி750 போல ஒரு சார்ஜில் 1230 படம் என்ற கணக்கெல்லாம் இங்கே இல்லை. கல்யாணத்துக்கு மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள். யுஎஸ்பி-சி வழியாகப் பவர் பேங்க்கில் இருந்தே கேமராவை ஓட்டலாம் என்பது பெரிய ஆறுதல். இரண்டு எஸ்டி கார்டு ஸ்லாட் இருப்பதால், ஒன்று கெட்டாலும் மற்றதில் படம் இருக்கும் என்று, அடுத்தவர் வீட்டு விசேஷத்தைத் தைரியமாக ஒப்புக்கொள்ள முடிகிறது. தூசி மட்டும் ஓயாத தொல்லை: லென்ஸைக் கழற்றினால் சென்சார் அப்படியே திறந்து கிடக்கும், ஆஃப் செய்தாலும் ஷட்டர் மூடாது. கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள், பையில் ஒரு ப்ளோயர் வைத்திருங்கள்.

செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர்கள் எஃப் 16-இல் வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கவும்; சென்சாரில் இருக்கும் புள்ளி எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு எழுதிப் பார்க்கவும். இசட் 5 II-க்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் 50 எஃப் 1.8 எஸ் கிடைக்குமென்றால், மேடை, முகம், தெரு எடுக்கிறவருக்கு நான் பழைய பாடியையும் அந்த லென்ஸையும்தான் சொல்வேன். நானும் இப்போது பாடி மாற்றுவதாக இல்லை. அடுத்து சேர்க்கும் பணம் 70-180 எஃப் 2.8-க்கு, டிசம்பர் சீசனுக்குள் வாங்கிவிட வேண்டும்.