"1890களின் அசல் வரைபடம்" என்று 140 டாலருக்கு வாங்கிய பிரிண்ட்

பழைய நிலவரைபடம் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கலிஃபோர்னியாவில் சியரா நெவாடா மலைகளுக்கு நடுவே டிரக்கி என்று ஒரு ரயில்வே ஊர், 1868இல் சென்ட்ரல் பசிபிக் பாதை வந்து சேர்ந்த இடம். டானர் கணவாயிலிருந்து அந்தப் பாதை எப்படியெல்லாம் வளைந்து பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது என்பதைப் பழைய சர்வே தாளில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

"1890களில் அச்சான அசல்" என்று ஒருவர் அந்தப் பகுதியின் வரைபடத்தை விற்பனைக்குப் போட்டிருந்தார். போட்டோவில் மடிப்புக் கோடுகள், ஓரத்தில் நூலக முத்திரை, மூலையில் ஒரு பழுப்புக் கறை. அந்தக் கறையில்தான் விழுந்தேன்.

தாள் வந்ததும் மடிப்பைத் தடவிப் பார்த்தால் மடிப்பே இல்லை, அதன் நிழல் மட்டும் அச்சாகியிருக்கிறது! கறையும் அப்படியே, மையில் போட்ட கறை. அந்தக் காலத்தில் செப்புத் தகட்டில் செதுக்கி, கறுப்பு, நீலம், பழுப்பு என்று மூன்றே நிறத்தில் அச்சடித்தார்கள், கோடு ஒவ்வொன்றும் அறுபடாமல் இருக்கும். இதில் பூதக்கண்ணாடி வைத்தால் சமவுயரக் கோடெல்லாம் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இன்றைய பிரிண்டரில் வருவதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

அப்புறம் அளவு. இந்தத் தாளின் அளவுவிகிதம் 1:125,000 (தாளில் ஓர் அங்குலம், நிலத்தில் 125,000 அங்குலம்), அது காட்டும் இடம் அட்சரேகையில் அரை டிகிரி, அதாவது வரைபடச் சட்டம் (சுற்றியுள்ள ஓரக்கோடு) மேலிருந்து கீழாகச் சுமார் 17.5 அங்குலம்தான் இருக்க முடியும். எனக்கு வந்தது 24. ஃபிரேமுக்குத் தோதாக ஊதிவிட்டிருக்கிறார்கள். அங்குலத்துக்குச் சுமார் 2 மைல் என்று நம்பி அளந்தால் பக்கத்திலுள்ள டானர் ஏரி டிரக்கி ஊரைவிட்டு இன்னும் தள்ளிப் போய்விடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த வரைபடத்தை முதலில் வெளியிட்ட அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமே (USGS) 1884 முதல் 2006 வரையிலான தன் பழைய தாள்களை ஸ்கேன் செய்து டோப்போவியூ தளத்தில் இலவசமாகக் கொடுக்கிறது. அதற்குக் காப்புரிமையும் கிடையாது, பிரிண்ட் போட்டு விற்பது தப்பில்லை, சரி, பிரிண்ட் என்று சொல்லி விற்க வேண்டியதுதானே?

விற்றவரிடம் கேட்டதற்கு, "அசல் கோப்பிலிருந்து எடுத்தது, அதனால் அசல்" என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பும் செலவு என் தலையில், பணமும் பாதிதானாம். கட்டணத் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால், வரைபடச் சட்டத்தின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு போட்டோ, தாளின் பின்பக்கம் ஒரு போட்டோ முதலில் கேளுங்கள். நான் இரண்டுமே கேட்கவில்லை.