யாழ் நகரக் கண் நிலையமொன்றின் விழித்திரை ஸ்கான் சேவை

சைக்கோசிஸ் எனப்படும் உளமாய நோய்க்குச் சிகிச்சை பெறும் என் தம்பிக்குப் பார்வை மங்கியதால், இங்கே ஓசிடி (OCT) எனப்படும் விழித்திரை ஸ்கான் எடுத்தோம். அண்மை அகச்சிவப்பு ஒளியால், கண்ணைத் தொடாமலேயே விழித்திரையின் படைகளைப் பிரித்துக் காட்டும் இச்சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே சொல்லிச் செய்த பணியாளரின் பொறுமை பெரிது.

விழித்திரை மூளையோடு ஒரே முளைய இழையத்திலிருந்து உருவாவது என்பதையும், உளமாய நோய்களுள் ஒன்றான ஸ்கிட்சோஃப்ரினியா (மனச்சிதைவு) உள்ளோரிடம் விழித்திரையின் நரம்பிழைப் படை சராசரியாகச் சற்று மெலிந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன என்பதையும் வைத்தியர் விளக்கினார். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும்கூட அப்படையை மெலியச் செய்யக்கூடும் என்பதால், இப்படத்தைக் கொண்டு மட்டும் எவருக்கும் ஸ்கிட்சோஃப்ரினியாவை உறுதிசெய்ய முடியாது என்று அவர் நேர்மையாகச் சொன்னதற்காகவே இந்நிலையத்தைப் பரிந்துரைக்கிறேன்.

காத்திருப்பு மண்டபத்தின் இரைச்சல், என் தம்பி போன்ற இளையோருக்குத் தாங்க முடியாதது. அவர்களுக்கென அமைதியான அறையொன்றை ஒதுக்க வேண்டும்.