ஃப்ளாஷை அணைக்க முடியுமா? சின்ன வீட்டுக்கு எந்த இன்ஸ்டன்ட் கேமரா

பத்துக்குப் பத்து ஹால், ஒட்டினாற்போல ஒரு சமையலறை, மேற்குப் பக்கம் கிரில் ஜன்னல். இப்படி ஒரு வீட்டின் சாயங்கால வெளிச்சத்தை இன்ஸ்டன்ட் படத்தில், அதாவது எடுத்தவுடன் கேமராவிலிருந்தே அச்சாகி வெளிவரும் படத்தில், பிடிக்க நினைப்பவர்களுக்குக் கடையில் நான்கு வழி இருக்கிறது: இன்ஸ்டாக்ஸ் மினி 12 போன்ற எளிய கேமரா, கொஞ்சம் வசதி கூடிய மினி 90 அல்லது மினி 99, போலராய்ட் நவ், டிஜிட்டலும் பிரின்டரும் ஒன்றாக இருக்கும் மினி ஈவோ. நான் மினி 90 பக்கம் சாய்ந்ததற்கு ஒரே காரணம், அதில் ஃப்ளாஷை அணைக்கலாம். 99-இலும் அந்த வசதி உண்டு.

மினி 12-இல் ஒவ்வொரு படத்துக்கும் ஃப்ளாஷ் அடித்தே தீரும். ஆள் ஒரு மீட்டரில், சுவர் மூன்று மீட்டரில் என்றால் சுவருக்குப் போய்ச் சேரும் ஃப்ளாஷ் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்குதான். இன்ஸ்டாக்ஸ் ஃபிலிம் அவ்வளவு ஏற்றத்தாழ்வைத் தாங்காது. முகம் வெளிறும், பின்னால் இருக்கிற வீடு இருட்டில் போய்விடும். இருட்டான இடத்தில் 12 தானாகவே ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சம் விடும் கதவு) திறந்திருக்கும் நேரத்தை அரை விநாடி வரை நீட்டிக்கும் என்பதால் பழைய மினி 9-ஐவிடப் பின்னணி கொஞ்சம் தேறும். ஆனால் நம் வீடுகளில் ஃப்ளாஷைத் திருப்பியடிக்க எவர்சில்வர் பாத்திரம், டைல்ஸ், கண்ணாடி போட்ட சாமி படம் என்று எல்லாமே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். ஃப்ளாஷ் மேல் கறுப்பு டேப் ஒட்டினாலும் பயனில்லை. ஃப்ளாஷ் வெளிச்சம் வரும் என்று கணக்குப் போட்டுத்தான் கேமரா ஷட்டரை மூடுகிறது, அதனால் படம் இருண்டு போகும்.

ஃப்ளாஷை அணைத்தால் அடுத்த தொல்லை, ஷட்டர் திறந்திருக்க வேண்டிய நேரம். ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறன், ஐஎஸ்ஓ 800, லென்ஸ் துவாரம் எஃப்/12.7. அந்தச் சின்னத் துவாரத்தில் டியூப்லைட் எரியும் அறைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு விநாடி தேவைப்படும். பகலில் ஜன்னலோரம்கூடப் பத்தில் ஒரு விநாடி. கையில் பிடித்தால் ஆடத்தான் செய்யும். ட்ரைபாட் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டூல் மேல் நாலு புத்தகத்தை அடுக்கி அதில் வைத்து, டைமரில் எடுக்கலாம். ஓடுகிற ஃபேன் கலங்கித் தெரியும். என் கண்ணுக்கு அது குறையே இல்லை.

எவ்வளவு இடம் படத்தில் விழும்? மினி படம் 62×46 மி.மீ., லென்ஸ் 60 மி.மீ. ஆகவே படம் படுக்கைவாட்டில் வரும்படி கேமராவைப் பிடித்தால், எத்தனை அடி தள்ளி நிற்கிறீர்களோ கிட்டத்தட்ட அத்தனை அடி அகலம் விழும். பத்தடி ஹாலில் ட்ரைபாடுக்கே ஒன்றரை அடி போய்விடும் என்பதால் எதிர்ச்சுவர் முழுசாகக் கிடைக்காது. வாசற்படிக்கு வெளியே வையுங்கள், அல்லது மூலையிலிருந்து மூலைக்குப் பாருங்கள். ஜன்னல் படத்துக்குள் வந்தால் கேமரா அந்த வெளிச்சத்தையே அளந்துகொண்டு அறையை இருட்டாக்கிவிடும்; ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். தவிர்க்க முடியாதபோது மினி 90-இல் படத்தை வெளிச்சமாக்கும் எல்+ அமைப்பை வைத்தால் ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம் கூடும்.

பூஜை அலமாரியில் ஒற்றை விளக்கு மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபேனையும் டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு, கேமராவை இரண்டரை அடி தூரத்தில் வைத்து பல்ப் முறைக்கு மாற்றுங்கள். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும், அதிகபட்சம் 10 விநாடி. அழுத்தும்போது கேமரா அசையுமே என்றால், லென்ஸைத் தொடாமல் அதன் முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். ஆட்டம் அடங்கியதும் அட்டையை எடுத்து, ஐந்திலிருந்து எட்டு வரை எண்ணி, மறுபடி மறைத்த பிறகே விரலை எடுங்கள். இரண்டு திரி என்றால் மூன்று, நாலு விநாடி போதும். பகல் வெளிச்சத்துக்கென்று செய்த ஃபிலிம் என்பதால் நிறம் நல்ல ஆரஞ்சாக வரும். விளக்குக்கு அது பொருந்தும். வெள்ளை எல்இடி டியூபில் எடுத்தால் நீலம் தட்டும், அதுதான் எனக்குப் பிடிக்காது.

போலராய்டின் படம் பெரியது, நிறம் மென்மையானது, நவ் கேமராவிலும் ஃப்ளாஷை அணைக்கலாம். ஆனால் அந்த ஃபிலிமுக்கு 13-இலிருந்து 28 டிகிரி வரை வெப்பம் இருக்க வேண்டும். சென்னையில் ஏசி இல்லாத வீட்டில் மார்ச்சுக்கு மேல் அது நடக்காத காரியம். படம் மஞ்சளும் சிவப்புமாகச் சாயும். இன்ஸ்டாக்ஸ் 40 டிகிரி வரை தாங்கும். ஒரு பேக்கில் போலராய்டுக்கு எட்டுப் படம், இன்ஸ்டாக்ஸுக்குப் பத்து. ஏசி அறையில் மட்டும் எடுப்பவர்களுக்கு என் வாதம் இவ்வளவு கறாராகப் பொருந்தாது.

ஈவோவில் திரையில் பார்த்துப் பிடித்ததை மட்டும் பிரின்ட் போடலாம், ஃபிலிம் வீணாகாது. செல்போனில் எடுத்ததையும் அதில் அச்சிடலாம். ஆனால் செல்போனின் நைட் மோட் மூலை முடுக்கையெல்லாம் வெளிச்சமாக்கிவிடும்; அந்த வேளையின் இருட்டு படத்தில் இருக்காது. அதனால் எடுக்கும்போதே எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) கொஞ்சம் குறையுங்கள். அச்சு எப்போதும் திரையைவிடக் கருத்துத்தான் வரும் என்பதால் ரொம்பவும் குறைத்துவிடாதீர்கள்.

வீட்டைவிட வீட்டு ஆட்களைத்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் மினி 12 போதும், மிச்சக் காசுக்கு ஃபிலிம் வாங்குங்கள். மினி 90-ஐப் பழையதாக வாங்குபவர்கள் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும். அதில் போடும் என்பி-45ஏ வகைக்கு மாற்று பேட்டரி கிடைக்கும். படம் வெளியே வரும் வழியில் உள்ள உருளைகளில் காய்ந்த ரசாயனம் ஒட்டியிருந்தால் எல்லாப் படத்திலும் ஒரே இடைவெளியில் கறை விழும். பேக் காலியானதும் உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். பாதி பேக்கில் கேமராவின் பின்கதவைத் திறந்தால் மிச்ச ஃபிலிமும் வெளிறிப் போகும்.